ஐஸில் வைத்த குப்பி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழாம் நம்பர் கட்டிலைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். கட்டிலில் என் கணவர் மாணிக்கம். தலைமாட்டில் நான். கால்மாட்டில் அவருடைய தம்பி சேகர். ஜன்னலோரம் எங்கள் மகள் நித்யா, பிளஸ் டூ படிக்கிறவள். இடது பக்கம் கையுறை மாட்டிக்கொண்டு டாக்டரம்மா. அவருக்குப் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு சிஸ்டர். வேறு யாரும் இல்லை. பச்சைத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

இதைத் திட்டமாக எழுதக் காரணம் இருக்கிறது. பிறகு பலர் தாங்களும் அங்கே நின்றிருந்ததுபோலப் பேசினார்கள். இருந்தது இந்த ஆறு பேர்தான். அதற்கு அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெயர் செல்வி. ஏழாவது வரை படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஈரல் சுருங்கிய ஆளை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிற பெண்கள் எங்கள் சந்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் குறித்து வைத்த நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். மருந்துப் பெயர்களுக்கு நித்யா உதவினாள். அவளுக்கு மலையாளம்தான் சரளம். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள்.

எனக்குச் சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் பஜாரில் சுக்கு, மிளகு கோடவுனில் மூட்டை தூக்கினார். நான் இடக்கொச்சியில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்கிறேன்.

குடித்தார். அதை மறைத்து எழுதிப் பயனில்லை. இரண்டு வருஷம் முன்பு ரத்தமாக வாந்தி எடுத்தபோது, ஈரல் சுருங்கிக் கல்லுப் போல ஆகிவிட்டது, இதற்கு சிரோசிஸ் என்று பெயர் என்றார்கள். அன்றோடு குடியை விட்டார். விட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வயிற்றைப் பார்த்ததும் முதல் கேள்வி, குடிப்பாரா என்பதுதான். வயிறு பெரிதாக இருந்ததற்குக் காரணம் நீர். ஈரல் கல்லானதும் அதற்குள் போக வேண்டிய ரத்தம் வழியில்லாமல் தேங்குகிறது. அப்போது நீர் கசிந்து வயிற்றுக்குள் சேருகிறது. உப்பைக் குறைத்து, மூத்திரம் போக மாத்திரை கொடுத்து, அதைக் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். அந்த நீரில் கிருமி சேரலாம், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து தினம் நான்கு தடவை தெர்மாமீட்டர் வைப்பேன். தூங்குகிறவரை எழுப்பி வைப்பேன். அதற்காக அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். காய்ச்சல் வரவேயில்லை. கிருமி வந்தபோதும் காய்ச்சல் வரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒன்றை ஞாபகத்தில் வைத்தால் போதும். காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை என்று நான் நான்கு நாள் நிம்மதியாக இருந்தேன். அந்த நான்கு நாளில் அவர் பகலெல்லாம் தூங்கினார். மூத்திரம் குறைந்தது. லுங்கியை இரண்டு தடவை உள்பக்கம் வெளியே தெரியும்படி கட்டினார். அதையும் நோட்டில் எழுதத்தான் செய்தேன். எழுதினேனே தவிர ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டிவி ரிமோட்டை எடுத்துக் காதில் வைத்தார். "முதலாளி, நாளைக்கு லோடு எத்தன?" என்று கேட்டார். பதில் வருவதற்கு நேரம் கொடுத்தார். "சரி சரி" என்று கீழே வைத்தார். நித்யா முதலில் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

கீழ்வீட்டு ஜமீலா இத்தா பாத்திரம் வாங்க வந்தவர் வாசலில் நின்று இதைப் பார்த்தார். இத்தா அதட்டிப் பேசுகிறவர் இல்லை. அன்று அதட்டினார்.

"இது வெளையாட்டில்ல செல்வி. தெர்மாமீட்டர கீழ வை. ஆட்டோ விளி."

தோப்பும்படிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் வடிகட்ட வேண்டிய நச்சு வடிகட்டப்படாமல் தலைக்கு ஏறியிருக்கிறது என்றார்கள். அதை இறக்க ஒரு பாகு மருந்து. குடித்தால் வயிறு போய்க்கொண்டே இருக்கும். போக வேண்டும், அதுதான் வைத்தியம். விடியும்வரை ஐந்து தடவை துடைத்து மாற்றினேன். ஆறாம் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மாள் தன் விரிப்பை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு காலை வந்த டாக்டரம்மா பாலக்காட்டுக்காரர். தமிழ் தெரியும். மலையாளம் கலந்து பேசுவார். திடீரென்று தலை குழம்பியதற்கு ஒரு காரணம் இருக்கும், முதலில் வயிற்று நீரைத்தான் பார்க்க வேண்டும், ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கிறேன் என்றார்.

சேகர் ஒத்துக்கொள்ளவில்லை. அவனும் அதே கோடவுனில்தான் வேலை செய்கிறான். வயிற்றில் ஒரு தடவை குத்தி நீர் எடுத்தால் அது பழக்கமாகிவிடும், பிறகு வாராவாரம் எடுக்க வேண்டும், கடைசியில் ஆள் போய்விடுவான் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. டாக்டரம்மா கோபப்படவில்லை. நீர் கூடுவது ஈரல் கெட்டதால், ஊசியால் இல்லை என்றார். இது வயிற்றைக் காலி செய்வதற்கு இல்லை, பார்ப்பதற்கு, நாலைந்து ஸ்பூன் அளவுதான் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சேச்சி, எடுத்தா இன்னைக்கே தெரியும். எடுக்கலேன்னா நாளைக்குத் தெரியும். நாளைக்குத் தெரிஞ்சிட்டு ஒண்ணும் செய்ய முடியாமப் போகலாம்."

துணைக்கு இருக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

அடிவயிற்றில் இடது பக்கம் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, பிறகு பெரிய ஊசி. அவர் முனகினார். நீர் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டுமாம். எங்களுக்கு வந்தது அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்து நாள் எனக்குப் பெரிதாக எதுவும் உறைக்கவில்லை. பசித்தால் சாப்பிட்டேன். யாராவது கேட்டால் பதில் சொன்னேன்.

எடுத்த நீரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு சின்னக் குழாயில், ஆஸ்பத்திரி லேபுக்கு. அங்கே வெள்ளை அணுக்களை எண்ணுவார்கள். வெள்ளை அணு என்பது கிருமியோடு சண்டை போட ரத்தத்திலிருந்து வருகிற படை. அதில் ஒரு வகை ஊசிமுனை அளவு நீரில் இருநூற்றைம்பதைத் தாண்டினால் தொற்று என்று முடிவு. எங்களுக்குத் தொள்ளாயிரத்து நாற்பது. மதியத்துக்குள் முதல் ஊசிமருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொரு பங்கு ஒரு குப்பிக்குள். ஊசியை மாற்றி, மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, அதற்குள் செலுத்தினார்கள். குப்பிக்குள் ஏற்கனவே பழுப்பு நிறத்தில் ஏதோ திரவம் இருந்தது. இது கல்ச்சர், எந்தக் கிருமி என்று இதில்தான் தெரியும், எறணாகுளத்தில் ஒரு லேபுக்குப் போக வேண்டும் என்றார் சிஸ்டர். மற்ற நாளில் அந்த லேபின் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். ஞாயிறு வரமாட்டார். சேகர் மருந்துக்குப் பணம் புரட்டப் போயிருந்தான். நித்யாவை அப்பாவோடு இருத்திவிட்டு நானே குப்பியை வாங்கிக்கொண்டேன்.

"நேரா போணும் சேச்சி. வழியில எங்கயும் நிக்கண்டா. வெயில் படாம கொண்டு போணும்" என்றார் சிஸ்டர்.

வெளியே மே மாத வெயில். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது எனக்கு ஒரே நினைப்பு. இது உடம்பிலிருந்து எடுத்தது. கெட்டுப்போய்விட்டால்?

எங்கள் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. ஓடு உரித்த இறால் கையில் இருக்கிற நேரத்தை எண்ணுவார்கள். பேசின் பாத்திரத்தில் விழுந்ததும் ஐஸ். ஐஸ் இல்லாத பேசினைச் சூப்பர்வைசர் கண்டால் மொத்தத்தையும் கொட்டிவிட்டுக் கூலியில் பிடிப்பார். பதினாறு வருஷம் அதைச் செய்திருக்கிறேன். உடம்பிலிருந்து வந்தது எதுவானாலும் ஐஸில் இருந்தால் பத்திரம். எனக்கு வேறு மாதிரி நினைக்கத் தெரியாது.

துறைமுக வாசலில் மீன் விற்கிற பீட்டர் சேட்டன் தெரிந்தவர். ஒரு கவரில் உடைத்த ஐஸ் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம உனக்கெதுக்கு ஐஸ்?"

"மருந்து வைக்க."

காசு வாங்கவில்லை. கூட ஒரு பிடி போட்டுக் கொடுத்தார். குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி ஐஸுக்கு நடுவில் இறக்கி, மேலேயும் ஐஸ் போட்டு, கவரை முறுக்கிக் கட்டினேன். பஸ் வெலிங்டன் தீவு வழியாகப் போனது. பாலத்தில் லாரி நின்று நெரிசல். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. வழி முழுக்கக் கவரை மடியில் வைத்து, ஐஸ் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். அன்று உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இது என்று நினைத்தேன்.

லேப் வாசலில் குப்பியை வெளியே எடுத்து முந்தானையால் ஈரம் போகத் துடைத்தேன். குப்பியில் ஒட்டியிருந்த சீட்டு நனைந்தால் திட்டுவார்களே. உள்ளே ஏசி. வாங்கின பையன் கையுறை போட்டிருந்தான். ஒன்றும் கேட்காமல் தட்டில் வைத்தான்.

அடுத்த இரண்டு நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஆல்புமின் என்று ஒரு மருந்து ஏற்றினார்கள். மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற சத்து. இந்தத் தொற்றில் கிட்னி நின்றுபோகும், நிற்காமல் இருக்க இதைக் கொடுக்கிறோம் என்றார்கள். ஒரு குப்பி ஐயாயிரத்து நூறு ரூபாய். முதல் நாள் நாலரைக் குப்பி கணக்கு. அரைக் குப்பி விற்கமாட்டார்கள், ஐந்து வாங்கினோம். நான் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு எவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நிறுத்த முடியவில்லை.

ஜமீலா இத்தா இரண்டு வேளையும் உப்பில்லாத கஞ்சி அனுப்பினார். எனக்கு வேறு பாத்திரத்தில் உப்புப் போட்டது. மூடியில் எது யாருக்கு என்று மலையாளத்தில் ஒட்டியிருந்தார். நான் அவருக்குள்ளதையே சாப்பிட்டேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

செவ்வாய் காலை மறுபடி ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மருந்து வேலை செய்தால் இரண்டு நாளில் அந்த எண்ணிக்கை நன்றாக இறங்கியிருக்க வேண்டும். தொள்ளாயிரத்துப் பத்து. இறங்கியது என்று சொல்ல முடியாது. கிட்னிக் கணக்கும் கூடியிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், அக்கா என்று கூப்பிட்டார். அவருக்கு அக்கா கிடையாது.

மதியம் லேப் ரிப்போர்ட் வந்தது. நித்யா படித்தாள். ஒண்ணும் வளரலன்னு போட்டிருக்கும்மா என்றாள். நல்லதுதானே என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மா சேகரையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். முதல் மருந்து கேட்கவில்லை, குப்பியிலும் கிருமி வளரவில்லை என்றார். சாதாரணக் கிருமி இல்லையென்றால் காசநோயாக இருக்கலாம், குடலில் எங்காவது ஓட்டை இருக்கலாம், சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். சாயம் இவருடைய கிட்னிக்கு நல்லதில்லை. ஆனால் தெரியாமல் இருட்டில் மருந்து கொடுக்க முடியாது. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்ட வேண்டும்.

சேகர் படித்தவன் மாதிரி ஒரு கேள்வி கேட்டான். வளரவில்லை என்றால் எப்படிப் பார்ப்பார்கள் என்று. அந்தக் குப்பியில் கிருமிக்குச் சாப்பாடு வைத்திருக்கிறது, அதை உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள், உயிரோடு இருந்தால் தின்று பெருகும் என்றார் டாக்டரம்மா.

உடம்புச் சூட்டில்.

நான் அங்கிருந்து கக்கூஸுக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஐஸ் எதற்கு என்று பதினாறு வருஷமாகத் தெரியும். வளரக்கூடாது என்பதற்குத்தான் ஐஸ்.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பீட்டர் சேட்டனிடம்கூட மருந்துக்கு என்றுதான் சொல்லியிருந்தேன். சொன்னால் கட்டிலைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயம். சேகர் தன் மோதிரத்தை அடகு வைத்துப் பணத்தோடு நின்றுகொண்டிருந்தான். அவனிடம் என்ன சொல்வது? நான் அழவில்லை. பைப்பைத் திறந்து வைத்து, வாளி நிறைகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைந்து வழிந்தது. மூடிவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குள் ஸ்கேனுக்குக் கொண்டுபோக ஆள் சக்கர நாற்காலியோடு வந்துவிட்டார். என் கணவரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சேகர் தோளைக் கொடுத்துப் பிடித்தான். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர் வரட்டும்" என்றேன்.

"என்ன மதினி, பணம் கட்டியாச்சு" என்றான் சேகர்.

"கட்டினாப் பரவாயில்ல. டாக்டர் வரட்டும்."

டாக்டரம்மா அடுத்த வார்டிலிருந்து வந்தார். எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஷெட்டில் எடை சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழம அந்தக் குப்பிய நான் ஐஸ்ல வச்சுக் கொண்டு போனேன். ஒன்னேகால் மணி நேரம். லேப் வாசல்ல தொடச்சுக் குடுத்தேன். அவங்களுக்குத் தெரியாது."

சேகர்தான் முதலில் பேசினான்.

"அண்ணன எறாலுன்னு நெனச்சிட்டீங்களா மதினி?"

சிரிக்கவில்லை. கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டரம்மா என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். "அங்க வளரக்கூடாதுன்னு ஐஸ் போடுறீங்க சேச்சி. இங்க எங்களுக்கு வளரணும். சொல்லித் தந்திருக்கணும், சொல்லித் தரல" என்றார். ஐஸால்தான் இப்படி ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஒழுங்காகக் கொண்டுபோனாலும் பலருக்கு ஒன்றும் வளராது என்றும் சொன்னார். ஆனால் இந்த ரிப்போர்ட்டை இனி நம்ப முடியாது, நம்பித் தப்பான வழியில் போயிருப்பேன் என்றார். நாற்காலியைத் திருப்பச் சொன்னார். ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் தள்ளி வைத்தார்.

புது மருந்து ஏறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும் என்று உடனே மூன்றாம் தடவை ஊசி. லேபின் ஆள் மதியமே வந்துபோய்விட்டார். டாக்டரம்மா குப்பியைத் தட்டிலிருந்து எடுத்து ஒரு கணம் கையில் வைத்திருந்தார். சேகர் கையை நீட்டினான். அவர் என்னிடம் கொடுத்தார்.

எனக்கு எப்போதும் கை சில்லென்றுதான் இருக்கும். ஐஸில் வேலை செய்கிற எல்லோருக்கும் அப்படித்தான். அதனால் கையில் பிடிக்கவில்லை. புடவையை விலக்கி இடுப்பில் தோலோடு சேர்த்துச் செருகி, மேலே கொசுவத்தை இறுக்கினேன். சேகர் தன் பைக்கை எடுத்தான். பாலத்தில் அன்றும் நெரிசல். லாரிகளுக்கு நடுவில் நுழைந்து போனான். வழியில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்னலில் நின்றபோது மட்டும் திரும்பாமலே கேட்டான்.

"சூடா இருக்கா?"

"இருக்கு."

லேபில் இந்தத் தடவை நானே கேட்டேன், உடனே பெட்டிக்குள் வைப்பீர்களா என்று. வைப்போம் என்றார்கள். வைக்கிறவரைக்கும் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே விடமாட்டார்களாம். கண்ணாடிக்கு வெளியே நின்றோம்.

புது மருந்து ஒரு வேளைக்கு ஆயிரத்து நானூறு ரூபாய். ஒரு நாளைக்கு மூன்று வேளை. எந்தக் கிருமி என்று தெரியாததால் எல்லாக் கிருமிக்கும் கேட்கிற பெரிய மருந்தைக் கொடுக்கிறோம் என்றார்கள். புதன் சாயங்காலம் வார்டுக்கு லேபிலிருந்து போன் வந்தது. சிஸ்டர் அங்கிருந்தே என்னைப் பார்த்து, வளர்ந்திருக்கிறது என்று கையால் காட்டினார். சந்தோஷப்பட்டேன் என்று சொல்லமாட்டேன். என் கணவர் வயிற்றில் கிருமி இருக்கிறது என்று சொல்லுகிறார்கள். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழு ரிப்போர்ட். இ. கோலை என்று பெயர். நம் எல்லோர் குடலிலும் இருப்பதுதான். ஈரல் கெட்டவர்களுக்குக் குடல் சுவரைத் தாண்டி நீருக்குள் வந்துவிடும். அதுதான் வேலி தாண்டியிருந்தது. பக்கத்தில் மருந்துகளின் பட்டியல். முதலில் இரண்டு நாள் கொடுத்த மருந்துக்கு எதிரே, கேட்காது என்று இருந்தது. இப்போது கொடுக்கிறது கேட்கும். அதைவிட விலை குறைந்த இன்னொன்றும் கேட்கும். அதற்கு மாற்றினார்கள். ஸ்கேன் வேண்டியிருக்கவில்லை. கட்டின பணத்தை ஆஸ்பத்திரி பில்லில் கழித்துக்கொண்டார்கள். அன்று எடுத்த நீரில் எண்ணிக்கை முந்நூற்றுப் பத்து. திங்களன்று நூற்றிருபது.

அந்தத் திங்கட்கிழமை அவர் தானாக எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, எத்தன நாளா இங்க கெடக்கேன்?"

"ஒம்பது."

"கோடவுன்ல சொல்லியாச்சா?"

"சேகர் சொல்லிட்டான்."

சேகரைத் தேடிப் பார்த்தார். சேகர் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பாதே என்றார். அப்புறம் என்னிடம் ஒரு டம்ளர் சாயா கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி கேட்கவில்லை. முன்பெல்லாம் குடித்ததை மறந்துவிட்டு மறுபடி கேட்பார். அதை நோட்டில் எழுதினேன்.

பத்தாம் நாள் அனுப்பினார்கள். தினம் ஒரு மாத்திரை, நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் திரும்ப வரும், மாத்திரை போட்டாலும் வரலாம். இந்தத் தொற்று ஒரு தடவை வந்தவர்களுக்கு ஈரல் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எவ்வளவு ஆகும் என்று நான் கேட்கவில்லை. சேகர் கேட்டான். அவர் சொன்ன தொகையை நோட்டில் எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் மெடிக்கல் காலேஜில் பெயர் கொடுக்கச் சீட்டு எழுதித் தந்திருக்கிறார். போவோம்.

ஷெட்டுக்குத் திரும்பிப் போன முதல் நாள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நித்யா இத்தாவிடம் சொல்ல, இத்தா யாரிடமோ சொல்லியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிறவள், இறாலைத் தரம் பிரிக்கிற மாதிரி, உங்க வீட்டுக்காரர் கிலோவுக்கு எத்தன கவுண்டு, டைகர் எறாலா வெள்ளையா என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பேசினில் ஐஸ் போட்டேன்.

இப்போது வீட்டில் நான்கு தடவை தெர்மாமீட்டர் வைப்பதில்லை. அதற்குப் பதில் தினம் காலையில் அவரை என்ன கிழமை என்று கேட்கிறேன், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறேன். அவர் கோடவுன் ஆள், கணக்கில் தப்பமாட்டார். தப்பினால் உடனே ஆட்டோ. மூத்திரத்தை அளக்கிறேன். காய்ச்சல் இல்லை என்றால் நிம்மதி என்று நினைக்கிறதை விட்டுவிட்டேன். நீர் எடுக்கச் சொன்னால் எடுக்க விடுங்கள். குப்பியை உங்கள் கையில் கொடுத்தால் எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு தடவை கேளுங்கள். தப்பாகக் கொண்டுபோயிருந்தால் சொல்லிவிடுங்கள். கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

பாக்கி என்ன என்றும் கேட்கிறார்கள். ஷெட்டில் வாங்கின அட்வான்ஸ் நாற்பதாயிரம். வாரக் கூலியில் பிடிப்பார்கள், இன்னும் பிடிக்க ஆரம்பிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தவணை சொன்னது பதினோராயிரத்து நானூறு. ஜமீலா இத்தாவிடம் வாங்கின எட்டாயிரத்து ஐந்நூறில் மூவாயிரம் கொடுத்துவிட்டேன், மீதி ஐயாயிரத்து ஐந்நூறு. சேகர் கொடுத்தது மோதிரத்தோடு சேர்த்து இருபத்திரண்டாயிரம். அண்ணனுக்குச் செய்தது, அத எழுதாதீங்க மதினி என்றான். அதில் எவ்வளவு அவன் அண்ணனுக்கு, எவ்வளவு என் ஐஸுக்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

ஆக, இன்றைய தேதிக்குக் கொடுக்க வேண்டியது எழுபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.